அந்தப் பத்து சென்டிமீட்டர்

பீம்லைனுக்கு வரும் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

நீங்கள் பீம்லைனில் வந்து இறங்கும்போது கையில் ஒரு தெர்மாகோல் பெட்டி இருக்கும். ரயிலில் அதை இருக்கைக்கு அடியில் வைக்க மனம் வராமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். உள்ளே ஐஸ் பொட்டலங்களுக்கு நடுவே, ஏழெட்டுச் சிறு குப்பிகளில், உங்கள் மூன்று வருட உழைப்பு. கிடைத்திருப்பது ஆறு ஷிஃப்ட். ஷிஃப்டுக்கு எட்டு மணி நேரம் என்றால் இரண்டு பகல், இரண்டு இரவு. விண்ணப்பம் எழுதி, மாதக்கணக்கில் காத்திருந்து பெற்ற நேரம் அது.

இந்தூரில் இன்டஸ்-2, ஜப்பானின் சுகுபாவில் ஃபோட்டான் ஃபேக்டரி, இத்தாலியின் திரியெஸ்தேயில் எலெட்ரா, ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் பெட்ரா-3 என்று, எக்ஸ்-கதிர் பீம்லைன் உள்ள பல ஊர்களுக்கும் நம் பிள்ளைகள் இன்று போகிறார்கள். எந்த ஊராக இருந்தாலும், மென்மையான எக்ஸ்-கதிரோடு வேலை செய்பவருக்கு ஒரு சேம்பர் காத்திருக்கும். அதன் கதவு, ஜன்னல், குழாய், வால்வு இவற்றைப் பராமரிப்பதிலேயே வேலைக் காலத்தைக் கழித்தவன் நான். உங்கள் மாதிரிக்கும் கதிருக்கும் நடுவே இருக்கும் அந்தச் சிறு வெளியைச் சுத்தமாக வைத்திருப்பது என் பொறுப்பாக இருந்தது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சேம்பருக்குள் நிற்கும் வாயுவும் உங்கள் மாதிரியின் ஒரு பகுதி. குப்பிக்குள் இருப்பதை எவ்வளவு அக்கறையோடு தயாரித்தீர்களோ, அதே அக்கறையோடு அதைச் சுற்றி நிற்பதையும் கவனியுங்கள்.

எக்ஸ்-கதிர் எதையும் துளைத்துக்கொண்டு போகும் என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்திலேயே படிந்துவிட்டது. ஆற்றல் அதிகமான கதிருக்கு அது சரி. 8 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள கதிர் 10 சென்டிமீட்டர் காற்றைக் கடந்தால் நூற்றில் 89 பங்கு மறுபுறம் வந்து சேரும். கந்தகத்தை ஆராய ஆற்றலை 2.47-க்கு இறக்கிப் பாருங்கள். அதே பத்து சென்டிமீட்டர் காற்று நூற்றில் 97 பங்கை விழுங்கிவிடும். பாஸ்பரஸுக்காக 2.15-க்கு இறங்கினால் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. கோடிக்கணக்கில் செலவு செய்து, எலெக்ட்ரான்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்கு ஓடவிட்டு, வளைத்து, ஆடிகளில் குவித்துக் கொண்டுவந்த ஒளி, கடைசிப் பத்து சென்டிமீட்டரில் காற்றிடம் தோற்றுப்போகிறது.

அந்த இடத்தை ஹீலியத்தால் நிரப்பினால் 2.47-இல் நூற்றில் 99 பங்குக்கு மேல் கடந்துவிடும். ஆனால் "ஹீலியம் விட்டாயிற்று" என்று சொல்வது போதாது. உள்ளே ஐந்து சதவீதம் காற்று தங்கிவிட்டால்கூட, அந்தப் பத்து சென்டிமீட்டரில் கதிரில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். மாதிரியிலிருந்து கிளம்பும் ஒளிர்வு டிடெக்டரைப் போய்ச் சேரும் வழியில் இன்னொரு முறை இழப்பு. அந்த ஐந்து சதவீதம் நிலையாக நிற்பதும் இல்லை. ஏறும், இறங்கும். உங்கள் வரைகோடும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

வெற்றிடமே வைத்துவிடலாமே என்று பலர் கேட்பார்கள். உலர்ந்த தூளுக்கு அது சரிவரும். ஈரச் சேறு, பச்சை இலை, திரவம் நிரம்பிய பேட்டரி செல் இவற்றை வெற்றிடத்தில் வைத்தால் நீர் ஆவியாகிவிடும். நீங்கள் அளக்க வந்த பொருளே வேறொன்றாகிவிடும். மெல்லிய ஜன்னல் படலமும் வளிமண்டல அழுத்தம் முழுவதையும் தாங்காது. அதனால்தான் வெளி அழுத்தத்துக்குச் சமமாக, ஆனால் காற்று இல்லாமல், ஹீலியம் ஓடிக்கொண்டே இருக்கும் சேம்பரை வைத்திருக்கிறோம். கதிர் பட்டுச் சூடாகும் மாதிரியின் வெப்பத்தை ஹீலியம் காற்றைவிட ஐந்தாறு மடங்கு நன்றாகக் கடத்தியும் விடும்.

ஓர் இரவைப் பற்றிச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஒரு மாணவி சதுப்புநிலச் சேற்றோடு வந்திருந்தாள். அலையாத்திக் காட்டின் அடியில் ஆக்சிஜன் படாமல் கிடக்கும் கருஞ்சேறு. அதில் இரும்பு சல்ஃபைடு. காற்றுப் பட்டால் அது சல்ஃபேட்டாக மாறும், மண் புளிக்கும். அந்த மாற்றம் எங்கே தொடங்குகிறது என்பதுதான் அவள் ஆய்வு. எக்ஸ்-கதிர் உட்கவர்வில் சல்ஃபைடு 2470 எலெக்ட்ரான்வோல்ட் அருகிலும், சல்ஃபேட் 2482 அருகிலும் தலைகாட்டும். பன்னிரண்டு எலெக்ட்ரான்வோல்ட் இடைவெளியில் இரண்டு சிகரங்கள். பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

முதல் ஸ்கேனில் சல்ஃபைடு மட்டும் இருந்தது. மூன்றாவதில் 2482-இல் லேசாக ஒரு மேடு. ஆறாவதில் அது தெளிவான சிகரம். மணி இரண்டரை. அந்தப் பெண் கண் கலங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள், மகிழ்ச்சியில். கதிர் பட்டே சேற்றின் வேதியியல் மாறுகிறது, அதைக் கண்முன்னே பிடித்துவிட்டோம் என்று நினைத்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஏனென்றால் சல்ஃபேட் ஏற ஏற, மொத்தச் சமிக்ஞை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்ததையும் நான் கவனித்திருந்தேன்.

சேற்றை வெளியே எடுத்துவிட்டு, சேம்பரை மூடி, கதிரின் ஆற்றலை 3.5 கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு ஏற்றச் சொன்னேன். வெறும் சேம்பர். பத்து நிமிடம் எண்ணிக்கை எடுத்தோம். திரையில் 2.96 அருகே ஒரு சிறு முனை எழுந்தது. ஆர்கான். நாங்கள் ஆர்கான் எதையும் உள்ளே விடவில்லை. ஆனால் நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்குச் சற்றே குறைவாக ஆர்கான் இருக்கிறது. அந்த முனை எழுந்தால் உள்ளே காற்று இருக்கிறது என்று பொருள். கந்தகம் பார்க்கும் ஆற்றலில் ஆர்கான் ஒளிராது. அதனால் அவளுடைய ஸ்கேன்களில் அது தெரிந்திருக்க வழியே இல்லை.

காரணத்தை விடிவதற்குள் கண்டுபிடித்தோம். மேல்மூடியை இறுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் மேல் குறுக்காக ஒரு தலைமுடி. பிரஷர் குக்கர் கேஸ்கட்டில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டால் விசில் வராது என்பது நம் வீட்டில் யாருக்கும் தெரியும். அதே கதை. ஆனால் முடி மட்டும் தனியாக இவ்வளவு கெடுத்திருக்காது. வாயு வெளியேறும் குழாயின் முடிவில் எண்ணெய் நிரப்பிய ஒரு குமிழிக் குப்பி உண்டு. உள்ளிருந்து வாயு குமிழிவிட்டு வெளியே வரும். வெளிக்காற்று உள்ளே போக எண்ணெய் விடாது. அந்தக் குப்பியில் எண்ணெய் இல்லை. யாரோ கழற்றிக் கழுவி, நிரப்பாமலே மாட்டிவிட்டிருந்தார்கள். ஹீலியம் காற்றைவிட ஏழு மடங்கு லேசானது. மேலே மூடியின் கசிவு வழியாக அது ஏறி வெளியேற, கீழே திறந்து கிடந்த குழாய் வழியாக அறைக் காற்று உள்ளே இழுக்கப்பட்டது. அடுப்புக்கு மேலே புகைபோக்கி இழுப்பதைப் போல.

அவளுக்கு முன் அங்கே அளவெடுத்த குழுவின் வேலை அது; நல்ல பிள்ளைகள்தான். அவசரத்தில் கிளம்பியிருக்கிறார்கள். குப்பியைக் கழுவியதைக் கூட லாக்புக்கில் எழுதவில்லை. ஒரு வரி எழுதியிருந்தால் இந்தப் பெண்ணுக்கு ஒன்றரை ஷிஃப்டும், திரும்பக் கிடைக்காத இரண்டு சேற்று மாதிரிகளும் மிஞ்சியிருக்கும்.

அந்த இரவிலிருந்து வந்துபோன ஒவ்வொரு குழுவிடமும் நான் நேரில் சொன்னதை இப்போது எழுத்தில் வைக்கிறேன்.

முதலில், எவ்வளவு நேரம் பர்ஜ் செய்ய வேண்டும், அதாவது ஹீலியத்தை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும், என்பதைக் கடிகாரம் முடிவு செய்யாது. கொள்ளளவுதான் முடிவு செய்யும். வாயு நன்றாகக் கலந்து வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், சேம்பரின் கொள்ளளவுக்கு மூன்று மடங்கு ஹீலியம் கடந்தபின் ஐந்து சதவீதம் காற்று மிஞ்சியிருக்கும். ஐந்து மடங்கு கடந்தால் 0.7 சதவீதம். மாதிரித் தாங்கியின் பின்புறம், திருகு துளைகள், கம்பி நுழையும் மூலை போன்ற இடங்களில் காற்று தேங்கி நிற்கும். அங்கே இந்தக் கணக்கு செல்லாது, இன்னும் நேரம் கொடுங்கள். ஹீலியத்தை மேலிருந்து விட்டுக் கீழிருந்து வெளியேற்றுங்கள். லேசான வாயு மேலே நிறைந்து கனமான காற்றைக் கீழே தள்ளிக்கொண்டு போகும். ஆர்கானை உள்ளே விடும் சேம்பரில் இது தலைகீழ்: கீழிருந்து விட வேண்டும்.

ஓட்டத்தைக் காட்டும் ரோட்டாமீட்டரைப் படிக்கும்போது அது எந்த வாயுவுக்கு அளவிடப்பட்டது என்று பாருங்கள். காற்றுக்கு அளவிட்ட கருவியில் ஹீலியம் ஓடினால், உண்மையான ஓட்டம் காட்டுவதைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் இருக்கும். சிலிண்டர் எதிர்பாராமல் காலியாவதற்கு இது ஒரு காரணம்.

குழாய் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இணைப்பு சரியாகப் பொருந்தவில்லை என்று கையில் கிடைத்த சிலிக்கோன் குழாயைச் செருகிவிடுவது எல்லா ஆய்வகங்களிலும் நடக்கிறது. அது வளைந்து கொடுக்கும், எளிதில் மாட்டும், ஆனால் ஆக்சிஜனும் ஈரமும் அதன் சுவரைக் கடந்தே உள்ளே வரும். உள்ளே அழுத்தம் கூடுதலாக இருக்கிறதே, எப்படி வரும் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு வாயுவும் தன் பங்கு அழுத்தம் எங்கே குறைவோ அந்தப் பக்கம் நகரும். மற்ற வாயு எதிரே வருவதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. செம்பு, எவர்சில்வர், அதுவும் முடியாவிட்டால் நைலான் குழாய். புது சிலிண்டர் மாட்டும்போது ரெகுலேட்டருக்குள் அகப்பட்ட காற்றை நாலைந்து முறை நிரப்பி வெளியேற்றிவிட்டு, அதற்குப் பிறகே சேம்பர் பக்கத்து வால்வைத் திறங்கள். பழைய சிலிண்டரை அடிமட்டம் வரை வற்றவிடாதீர்கள். கொஞ்சம் அழுத்தம் மிஞ்சியிருந்தால்தான் வெளிக்காற்று அதற்குள் புகாது.

ஓ-ரிங்கை எடுக்கும்போது நகமோ ஸ்க்ரூடிரைவர் நுனியோ படக்கூடாது. அது அமரும் பள்ளத்தில் மயிரிழைக் கீறல் விழுந்தாலும் அந்தச் சேம்பர் ஆயுள் முழுக்கக் கசியும். மழுங்கிய பிளாஸ்டிக் முனையால் மெதுவாக நெம்பி எடுங்கள். நூல் உதிராத துணியில் ஐசோபுரொப்பனால் தொட்டு வளையத்தையும் பள்ளத்தையும் துடையுங்கள். விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே வெளிச்சத்தில் பாருங்கள்: வெடிப்பு, தட்டை, மினுமினுப்புக் குறைவு எது இருந்தாலும் மாற்றிவிடுங்கள். கிரீஸ் பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும் போதும். அப்பினால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கதிர் காற்றில் பாயும் இடத்தில் ஓசோன் உண்டாகும். அது நைட்ரில் ரப்பரை வெடிக்க வைக்கும். விட்டான் வளையம் தாக்குப்பிடிக்கும். உறையில் எது என்று படித்துவிட்டு மாட்டுங்கள்.

ஜன்னலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேன் நிறத்தில் இருக்கும் கேப்டன் படலம் 8 மைக்ரோமீட்டர் தடிமனில் 2.47-இல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்; 25 மைக்ரோமீட்டர் என்றால் பாதிக்குப் பாதி. கிழிந்ததை மாற்றும்போது கைக்குக் கிடைத்த தடிமனை ஒட்டிவிட்டுப் போனால், அடுத்து வருபவர் தன் கதிர் ஏன் மங்கியது என்று ஒரு ஷிஃப்ட் முழுக்கத் தேடுவார். விரல் வியர்வையில் குளோரினும் பொட்டாசியமும், ரப்பர் கையுறையில் கந்தகமும் இருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம். பெரிலியம் ஜன்னலை மட்டும் நீங்கள் தொடவே வேண்டாம். அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. அதில் புள்ளியோ வெண்படலமோ தெரிந்தால் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

கசிவு இருக்கிறதா என்று ஐயம் வந்தால் சோப்பு நுரையிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் கேஸ் இணைப்பைச் சோதிப்பதைப் போலத்தான். அதில் தெரியாத நுண்கசிவுக்குக் கருவி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மாதிரியை வைக்கும் முன் வெறும் சேம்பரில் ஆர்கான் முனையைப் பாருங்கள். பத்து நிமிடம் செலவாகும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தியவர்கள் பத்து மணி நேரத்தை இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இனிச் சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது. ஹீலியத்துக்கும் நைட்ரஜனுக்கும் ஆர்கானுக்கும் நிறமில்லை, மணமில்லை. மூச்சுத் திணறும், தெரிந்துவிடும், வெளியே ஓடிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நம் உடல் மூச்சு முட்டுவதாக உணர்வது கரியமில வாயு சேர்வதால்; ஆக்சிஜன் குறைவதை அது உணர்த்தாது. சுத்த நைட்ரஜனை இரண்டு மூன்று முறை இழுத்தவர் எச்சரிக்கை ஏதும் இல்லாமல் விழுவார். காப்பாற்ற ஓடிவருபவரும் அவர் மேலேயே விழுவார். அறைக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனால் மானிட்டர் அலறும். அலறினால் கதவைத் திறந்து வெளியே போங்கள், ஸ்கேன் பாதியில் நின்றாலும் சரி. வெளியேறும் வாயுவைக் குழாய் வைத்து, சேம்பர் நிற்கும் அறையான ஹட்ச்சுக்கு வெளியே, கட்டடத்தின் வெளியேற்றும் வழியில் சேர்த்திருக்கிறதா என்று ஷிஃப்ட் தொடங்கும்போதே பாருங்கள். ஹீலியம் கூரையில் தேங்கும், ஆர்கான் தரையில் தேங்கும். பெரிய சேம்பரில் விழுந்த திருகை எடுக்க, காற்று நிரப்பாமல் தலையை உள்ளே விடாதீர்கள். இதில் விதிவிலக்கு யாருக்கும் இல்லை.

ஹீலியத்தை மதியுங்கள் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் நின்று பிரெஞ்சு வானியலாளர் ழூல் ஜான்சன் சூரியனின் விளிம்பை நிறமாலைக் கருவியில் பார்த்தார். அந்த ஆண்டின் ஆய்வுகளில் வெளிப்பட்ட ஒரு மஞ்சள் கோடு பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. அதற்குச் சூரியனின் கிரேக்கப் பெயரிலிருந்து ஹீலியம் என்று பெயர் வந்தது. 1895 மார்ச்சில் வில்லியம் ராம்சே அதை யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தார். அதே ஆண்டு நவம்பரில் ரோன்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டார். ஒரே ஆண்டில் மனிதன் கைக்கு வந்த இரண்டும் இன்று உங்கள் சேம்பருக்குள் ஒன்றாக இருக்கின்றன.

யுரேனியமும் தோரியமும் பாறைக்குள் சிதைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்ததுதான் இயற்கை எரிவாயுக் கிணறுகளில் கிடைக்கும் ஹீலியம். வெளியே விட்டுவிட்டால் காற்றில் கலந்து, மேலேறி, கடைசியில் விண்வெளிக்கே போய்விடும். காற்றில் அது பத்து லட்சத்தில் ஐந்து பங்கு மட்டுமே. நம் நாடு தனக்கு வேண்டியதை ஏறக்குறைய முழுவதும் இறக்குமதிதான் செய்கிறது. ஒரு பெரிய சிலிண்டரில் சுமார் 7000 லிட்டர் வாயு இருக்கும். பர்ஜ் முடிந்தபின் நிமிடத்துக்கு அரை லிட்டராகக் குறைத்து வைத்தால் ஒன்பது நாளுக்கு மேல் வரும். குறைக்க மறந்து ஐந்து லிட்டரில் ஓடவிட்டால் ஒரே நாளில் தீர்ந்துவிடும். வால்வில் கால் திருப்பு வித்தியாசம்.

உங்கள் வழிகாட்டிகள் உங்களுக்குக் கணக்கீடும் கோட்பாடும் சொல்லித் தந்திருப்பார்கள்; அவற்றோடு ஓ-ரிங்குக்கும் குமிழிக் குப்பிக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தச் சேற்று மாணவி கேட்டாள். மிஞ்சிய ஷிஃப்டுகளில் ஒவ்வொரு மூடியையும் அவளே துடைத்தாள், அவளே மூடினாள், ஒவ்வொரு முறையும் ஆர்கானைப் பார்த்துவிட்டுத்தான் சேற்றை வைத்தாள். மீதமிருந்த மாதிரிகளில் சல்ஃபைடு கடைசி ஸ்கேன் வரை சல்ஃபைடாகவே நின்றது. கிளம்பும் முன் லாக்புக்கில் ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்தாள்: எந்த வளையத்தை மாற்றினாள், எந்தத் தடிமனில் ஜன்னல் இருக்கிறது, சிலிண்டரில் எவ்வளவு அழுத்தம் மிச்சம், குப்பியில் எண்ணெய் எந்தக் கோடு வரை. அடுத்து வந்த குழு பர்ஜ் முடிந்த அரை மணி நேரத்தில் அளவெடுக்கத் தொடங்கியது.

நான் உங்களிடம் கேட்பதும் அவ்வளவுதான். கடைசி ஸ்கேன் முடிந்ததும் பையைத் தூக்கிவிடாதீர்கள். மூடியைத் துடைத்து மூடுங்கள். குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஓட்டத்தைக் குறையுங்கள். உடைத்தது, மாற்றியது, சந்தேகப்பட்டது எல்லாவற்றையும் மறைக்காமல் லாக்புக்கில் எழுதுங்கள். நாளைக் காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு இன்னொருவர் மடியில் தெர்மாகோல் பெட்டியோடு வந்துகொண்டிருக்கிறார்.

அன்புடன்,
சேம்பர்களைப் பார்த்துக்கொண்ட ஒரு மூத்தவன்